கரையொதுங்கிய கட்டையில் செய்த விளக்கு ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: நாகப்பட்டினம் கடற்கரையில் எடுத்த மரக்கட்டையைத் துடைத்து, வார்னிஷ் அடித்து மேசை விளக்கு செய்தேன். மழைக்காலம் வந்ததும் கட்டை பிசுபிசுக்கிறது, வார்னிஷ் உரிகிறது, ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது. ஓட்டைகளிலிருந்து தூளும் கொட்டுகிறது. இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா? கரையில் கிடைத்த கடல்விசிறியை (விசிறி போல விரிந்த கடலுயிரி) அதில் ஒட்டலாமா?

பதில்: முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உப்பும் ஈரமும் ஏறிய மரத்தில் மின்சாரம் பாயும்.

இன்னொரு கோட் வேண்டாம். கோளாறு மரத்துக்குள் இருக்கும் உப்பில். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், அந்த ஈரம் சாதாரணம். அப்படி ஊறும் உப்புநீர்தான் வார்னிஷை உரித்து, ஸ்க்ரூவையும் அரிக்கிறது.

ஒயர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி, வார்னிஷை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுங்கள். பிறகு உப்பு வெளியேற, கட்டையை நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். அது மிதக்கும்; மேலே கல் வைத்து முழுக்க மூழ்க வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். விரல் தடிமனுக்கு ஒரு வாரம் போதலாம். கை தடிமன் என்றால் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். எப்போது நிறுத்துவது? ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி, இதற்கு அருமையான துணை. புதுத் தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை, மாற்றும் முன் ஒருமுறை பாருங்கள். அளவு பெரிதாக ஏறவில்லை என்றால் போதும். வீட்டு போர் தண்ணீரே உப்பு என்றால் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். அப்புறம் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வெடித்துவிடும்.

தூளுக்கு வருவோம். பென்சில் நுழையும் அளவு ஓட்டை, உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது கப்பல்புழு குடைந்தது. அது சிப்பி இனம், தண்ணீரை விட்டு வந்தால் பிழைக்காது. அந்த ஓட்டைகளை அடைக்காதீர்கள், கட்டைக்கு அழகே அவைதான். குண்டூசித் தலை அளவு ஓட்டையிலிருந்து மாவு போலக் கொட்டினால் உயிருள்ள வண்டு. வீட்டில் மற்ற மரச்சாமானுக்கும் பரவும். கேக் சுடும் ஓவனில் அடங்கும் கட்டை என்றால், காய்ந்த பிறகு, நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் நீடிக்கும்படி சூடாக்குங்கள், பக்கத்திலேயே நின்று. ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கும் இதே கணக்குதான். பெரிய கட்டைக்கு, பூச்சு இல்லாத வெறும் மரத்தில் போராக்ஸ் கரைசல் தடவலாம்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் அல்லது தேன்மெழுகு போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்; வெளியே விரித்துக் காயப்போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். ஒயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, எல்.இ.டி. பல்பு மாட்டுங்கள். மீந்த துண்டுகளை அடுப்பில் வைக்க வேண்டாம், உப்பேறிய மரப்புகை நச்சு.

கடல்விசிறியை ஒட்டாதீர்கள். அதுவும் பவளமும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அலங்காரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கும் நைலான் கயிறு, வலை மிதவை, அலையில் தேய்ந்த கண்ணாடித் துண்டு இருக்கின்றன, வேண்டிய மட்டும் எடுங்கள். வலைத்துண்டை எடுக்கும் முன் நண்டு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து விடுவித்துவிடுங்கள்.