மாதம் 200 ரூபாய்க்குள் மனஅழுத்தத்தைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல், நடுவில் சம்பளப் பட்டியல், ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு எட்டு மணி வரை ஆபீஸ். வீட்டுக்கு வந்தால் சமையல், பையனின் படிப்பு. சாயங்காலம் ஆனாலே பிடரியும் தோளும் இறுகிக்கொள்கின்றன. சின்ன விஷயத்துக்கும் பையன் மேல் எரிந்து விழுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. யோகா வகுப்புக்கு மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். பணமும் இல்லை, நேரமும் இல்லை. 200 ரூபாய்க்குள் நானே செய்துகொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரி. அந்த 200 ரூபாயில் பெரும்பகுதி மிச்சமாகும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ‘தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள்’ என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் நாளில் அப்படி ஒரு மணி நேரம் கிடையாது; ஒதுக்க முடியாமல் போனால் அந்தக் குற்ற உணர்வு வேறு சேர்ந்துகொள்ளும். நீங்கள் எப்படியும் செய்கிற வேலைகளோடு ஒட்டிக்கொள்ளக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், உடம்பில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். மேலாளர் வந்து ‘அந்த பில் என்னாச்சு?’ என்று அவசரப்படுத்தும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. பிறகு கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து அந்த உஷார் நிலையை நீட்டிக்கிறது. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் அலை அடங்குவதற்குள் அடுத்த போன், அடுத்த பில் என்று வந்துகொண்டே இருந்தால் உடம்பு இறங்கி வரவே இடம் கிடைப்பதில்லை. ராத்திரி பையனின் கணக்கு நோட்டைத் திறந்ததும் நீங்கள் வெடிப்பது அந்த ஒரு கணக்குக்காக அல்ல, பகல் முழுவதும் சேர்ந்துபோனதற்காக. அதனால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓய்வெடுப்பதைவிட, நாளுக்குள்ளேயே ஐந்தாறு இடங்களில் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுவதுதான் பலன் தரும்.

அதற்குக் கையில் எப்போதும் இருக்கும் கருவி மூச்சு. பலரும் ‘நன்றாக மூச்சை இழுங்கள்’ என்பார்கள். கவனிக்க வேண்டியது வெளியே விடும் மூச்சைத்தான். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடுகிறது, விடும்போது குறைகிறது. வேகஸ் என்ற நரம்பு இதயத்தைத் தணிக்கும் வேலையை வெளிமூச்சின்போதுதான் அதிகம் செய்கிறது. மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரண்டு நிமிடம் போதும். நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிக்க வேண்டாம். தலை லேசாகச் சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது? கடைசித் தேதியன்று ஜிஎஸ்டி போர்ட்டல் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த நேரத்தில். பிரிண்டருக்கு முன்னால் நிற்கும்போது. சாதத்துக்கு உலை கொதிக்கக் காத்திருக்கும்போது. ‘நினைவு வரும்போது செய்கிறேன்’ என்று விட்டால் நினைவு வராது. இதைப் பார்த்தால் இது என்று ஓர் அடையாளத்தோடு கட்டிவைத்தால்தான் பழக்கமாகும்.

பிடரிக்கும் தோளுக்கும் வேறொரு முறை இருக்கிறது. எட்மண்ட் ஜேகப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியது; இன்றும் மனநல சிகிச்சையில் பயன்படுகிறது. தசையை வேண்டுமென்றே இறுக்கிவிட்டுத் தளர்த்தினால், இறுக்கமாக இருக்கிறோம் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரியவரும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தோள்கள் இரண்டையும் காதை நோக்கித் தூக்கி ஐந்து நொடி இறுக்குங்கள். பொத்தென்று விட்டுவிட்டு இருபது நொடி அப்படியே இருங்கள். அடுத்து இரண்டு கை முஷ்டிகள், அதற்கடுத்து தாடை. பல்லைக் கடித்தபடியே கம்ப்யூட்டரைப் பார்ப்பவர்களுக்குத் தாடை இறுகிப்போயிருப்பதே தெரியாது. வீட்டுப் படி ஏறுவதற்குள் இதை ஒரு சுற்று முடித்துவிடுங்கள். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் உங்களுக்கு இருக்கும் ஒரே இடைவெளி அந்தப் பயணம்தான். அதை முழுக்க போனுக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி அந்த மூன்று மணி விழிப்பு. பகலில் யோசிக்க நேரம் கிடைக்காத கவலையெல்லாம் அப்போதுதான் வரிசை கட்டி வரும். நோட்டு இதற்குத்தான். இரவு சாப்பிட்டு முடித்ததும், படுக்கைக்குப் போகும் முன், வேறோர் இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எழுதுங்கள். டைரிபோல எழுத வேண்டியதில்லை. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம். ‘சாயப் பட்டறை பில் இன்னும் வரவில்லை’ என்று இடப்பக்கம் எழுதினால், ‘காலை பத்து மணிக்கு போன் செய்யணும்’ என்று வலப்பக்கம். ‘ஸ்கூல் பீஸ்’ என்றால், ‘வெள்ளிக்கிழமை அவரிடம் பேசணும்’. இப்போதைக்குச் செய்ய எதுவுமில்லாத கவலையும் இருக்கும். அதற்கு நேரே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. 57 இளம் வயதினர் கலந்துகொண்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்பே தூங்கிப்போனார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் எழுதிவைத்த காரியத்தை மனம் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதை, கவலையால் தூக்கம் கெட்டு வருகிறவர்களிடம் நானும் பார்க்கிறேன்.

அப்படியும் விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். பார்த்ததும் ‘இன்னும் இரண்டரை மணி நேரம்தான்’ என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரம் அந்த 4-6 மூச்சை விட்டுப் பாருங்கள். தூக்கம் வருவதாகத் தெரியவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கியதும் போய்ப் படுங்கள்.

காபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். காபியில் தூக்கத்தை விரட்டும் பொருள் கஃபீன்; குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஷிப்மென்ட் நாளில் ஆறு மணிக்குக் குடித்த காபி, பதினொரு மணிக்கும் பாதி உங்களுக்குள் இருக்கும். டீயும் அப்படித்தான், அளவு குறைவு. கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும்.

முடிந்தால் ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடங்கள். பத்து நிமிட நடைக்கே மனம் லேசாவது தெரியும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருப்பதும் நல்லது. பாதத்தின் ரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் சூடு வெளியேறும், தூக்கத்துக்கு உடம்பு தயாராகும். சர்க்கரை நோய் இருந்தால் நீரின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சமையல், படிப்பு என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. எந்த மூச்சுப் பயிற்சியும் ஒருவர் தலையில் இருக்கும் இரண்டு ஆள் வேலையைக் குறைக்காது. ‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. ‘திங்கள் முதல் வெள்ளி வரை பையனின் படிப்பு உங்கள் பொறுப்பு, நான் எட்டிப் பார்க்கமாட்டேன்’ என்று ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். அவர் செய்யும் முறை உங்கள் முறையாக இருக்காது. இருக்கட்டும்.

அப்புறம், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் போய் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், செலவு இல்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அசதி, எரிச்சல், படபடப்பு எல்லாம் அதனாலும் வரும், தைராய்டு கோளாறாலும் வரும். மருத்துவர் சொன்னால் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, அழுகை அடங்காமல் வந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த மூன்று மணி விழிப்பிலும் அழைக்கலாம்.