பெரியப்பாவின் டாக்டர் கனவும் மகளின் மருத்துவிச்சி ஆசையும்

ஸ்காபரோவிலிருந்து எழுதியிருக்கும் தாய்க்கு,

தாமே பிரசவம் பார்க்காமல், பிரசவத்தின்போது தாய்க்குத் துணை நிற்கும் கனடியப் பூர்வகுடி டூலாக்களைப் பற்றிப் பள்ளிக்காகக் கட்டுரை எழுதிய உங்கள் மகள், அன்றிலிருந்து மருத்துவப் படிப்பு வேண்டாம், பிரசவத்துக்குத் துணை நிற்பதே தன் வேலை என்கிறாள்; "மருத்துவிச்சி வேலைக்கா கனடா வந்தோம்?" என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டை அடகு வைத்து அவளைக் கரீபியன் தீவொன்றின் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். அங்கே பட்டம் பெற்றுத் திரும்புபவர்கள் இங்கே பயிற்சி இடத்துக்குக் கடுமையாகப் போட்டியிட வேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் கடன் தவணை நிற்காது. அடகுக்குப் போவது பெரியப்பாவின் வீடு அல்ல.

அவளை ஈர்த்தது எது என்று அவளிடமே கேளுங்கள். கியூபெக்கின் வட கோடியான நூனாவிக்கில், இனுவிட் பூர்வகுடிக் கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே விமானத்தில் தெற்கே அனுப்பப்பட்டு, உறவினர் யாருமின்றிப் பிள்ளை பெற்றார்கள். அதை எதிர்த்த பெண்களின் விடாமுயற்சியால் 1986இல் புவிர்னிடுக் கிராமத்தில் மகப்பேற்று நிலையம் திறக்கப்பட்டது. உள்ளூர்ப் பெண்கள் அங்கேயே வேலை பழகி மருத்துவிச்சிகளானார்கள். தொப்புள்கொடியை அறுப்பவருக்கு அங்கே 'சனாஜி' என்று பெயர். அந்தப் பிள்ளை வளர்ந்து முதன்முதலில் பிடிக்கும் மீனையோ வேட்டையையோ அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். பிரசவத்தை ஊரைவிட்டு அகற்றியவர்கள், இப்படி ஓர் உறவு தொடங்கும் இடத்தையே அகற்றிவிட்டார்கள். பிற தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் இன்றும் நகரங்களுக்கு வருகிறார்கள். துணைக்கு ஒருவர் உடன் செல்லும் செலவை மத்திய அரசு ஏற்க முன்வந்ததே 2017இல்தான். அந்தத் தனிமையில் பக்கத்தில் அமர்ந்து முதுகை நீவிவிட்டு, தங்கள் சடங்குகளுக்கு மருத்துவமனையில் இடம் கேட்டு வாதாடுபவர்களே பூர்வகுடி டூலாக்கள்.

மகளிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தச் சமூகங்கள் தாங்கள் இழந்ததை மீட்டெடுக்கும் பணி அது; ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு நாம் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. மேலும், பொதுவாக டூலா என்பது நம் ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெறும் தொழில் அல்ல. பெரும்பாலும் குடும்பங்களே கைக்காசு கொடுப்பதால் வருமானம் நிலையற்றது. குறுகிய காலப் பயிற்சியை நம்பி வாழ்க்கையை அமைக்க வேண்டாம்.

அவளுக்குப் பொருந்துவது, நம்மவர்கள் எண்ணிப் பார்க்காத மருத்துவிச்சிப் பட்டப்படிப்பு. மக்மாஸ்டர், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் ஆகிய பல்கலைக்கழகங்களில் பள்ளி முடித்தவுடன் நேரடியாகச் சேரக்கூடிய நான்காண்டுப் படிப்பு அது. 1994 முதல் ஒன்ராறியோவில் சட்டப்படி முறைப்படுத்தப்பட்ட இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கர்ப்பகாலப் பரிசோதனையிலிருந்து பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை தாயையும் சேயையும் கவனிக்கிறார்கள். வீடு, மருத்துவமனை, பேற்று நிலையம் என்று தாய் தெரிவு செய்யும் இடத்தில் பிரசவம் பார்க்கிறார்கள். கட்டணத்தை மாகாண அரசு ஏற்கிறது. 2014இல் ரீஜென்ட் பார்க்கில் திறக்கப்பட்ட ரொறன்ரோ பேற்று நிலையம் பூர்வகுடியினரின் வழிநடத்தலில் உருவானது. எல்லாச் சமூகத்துப் பெண்களும் அங்கே பிள்ளை பெறலாம். அவள் போற்றும் நெறியைக் கற்க விரும்பினால், பணிவோடு உடன் நின்று கற்பதற்கு இது வழி. பிரசவ வலியில் ஆங்கிலம் மறந்துபோகும் நம் பெண்களிடம் தமிழில் பேசும் மருத்துவிச்சியின் அருமையையும் எண்ணிப் பாருங்கள். (பெரியப்பா ஊரில் யார் கையில் பிறந்தார் என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.)

இடங்கள் குறைவு என்பதால், சேர்க்கைக்குரிய பாடங்கள் அவளிடம் உள்ளனவா என்பதை இந்த வாரமே சரிபாருங்கள். நள்ளிரவு மூன்று மணிக்கு அழைப்பு வந்தாலும் கிளம்ப வேண்டிய வேலை இது. அதற்கு அவள் மனம் துணிகிறதா என்பதற்கு நீங்களோ பெரியப்பாவோ பதில் சொல்ல வேண்டாம், அவளே சொல்லட்டும்.