மகள் சைக்காலஜி படிக்கட்டும் அக்கா, இதைத் தெரிந்துகொண்டு படிக்கட்டும்

அக்கா, மகள் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டுச் சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நாளைக்கு அவளிடம் வருகிறவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸாகி என் பிள்ளை தலையில் விழுமே என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான்.

முதலில் ஒன்று. டிகிரியோடு அவள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அதற்கு மாஸ்டர்ஸ் வேண்டும், 2016-இல் வந்த 774-ஆவது சட்டமான சுகாதாரத் துணைத்தொழில் சட்டப்படி பதிவும் வேண்டும். கவுன்சலர் என்றால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி லெம்பாகா கவுன்சலரில், அதாவது கவுன்சலர்களுக்கான வாரியத்தில், பதிய வேண்டும். பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். மருந்து எழுதுவது இரண்டு பேர் வேலையும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை வேறு. சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், தோட்டத்து லயத்து வீடுகளில் ஒன்றாக வளர்ந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரே திருவிழாவில் சந்திக்கிற ஜனங்கள்தான் அவளிடம் வருவார்கள். சொந்தக்காரர், நெருங்கிய பழக்கம் என்றால் வேறொருவரிடம் அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் சொன்னதை உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது, வந்தார்கள் என்பதே ரகசியம்தான். "அந்த வீட்டுப் பையன் உன்கிட்ட வர்றானாமே" என்று நீங்கள் கேட்டு அவள் வாய் திறக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ரகசியத்தை உடைத்தே ஆக வேண்டிய நேரமும் வரும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தகவல் கொடுக்கச் சொல்கிறது, மறைத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். செய்தவர் ஊர்ப் பெரியவராக இருக்கலாம், கோயில் கமிட்டியே வீடு தேடி வந்து சமாதானம் பேசலாம், அப்போது அவளைப் பின்வாங்கச் சொல்கிற முதல் ஆளாக நீங்கள் இருந்துவிடக் கூடாது அக்கா.

உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து தெரிந்தால் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டியிருக்கும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதால், பிழைத்தவரைக் கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்று தயங்க வேண்டாம். எதெல்லாம் ரகசியம், எப்போது வெளியே சொல்ல நேரும் என்பதை முதல் நாளே விளக்கிக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி போட்டுக் குறிப்பு எழுதி, தனக்குத் தெரியாததை மூத்தவர்களிடம் கேட்டுச் செய்தால், கேள்வி வரும்போது காட்ட அவள் கையில் ஆதாரம் இருக்கும்.

யூபியு, அதாவது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம், நிரப்பும்போது கவுன்சலிங்கும் சைக்காலஜியும் தனித்தனிப் படிப்பு என்று பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். கவுன்சலிங் என்றால் அந்தப் படிப்பை லெம்பாகா ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள், சைக்காலஜி என்றால் மாஸ்டர்ஸ் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள்.