செத்தது ஊரா?

கேள்வி: இருபது வருஷம் கல்கத்தாவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, போன மாதம்தான் மூன்று நாள் போய்வர முடிந்தது. அங்கே எடுத்த படங்களில் சிலவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் நேசித்த நகரம் செத்துவிட்டது என்பதற்கு இவையே சாட்சி. நான் சொல்வது தப்பா?
- வாசகர், திருச்சி

பதில்: தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த பால்கனிக் கம்பி, ஆளில்லாத டிராம், மஞ்சள் டாக்சி, கை ரிக்‌ஷா, மாலை வெளிச்சத்தில் ஹௌரா பாலம். எல்லாமே நன்றாக எடுத்த படங்கள். ஆனால் கிடைத்த மூன்று நாளும் நீங்கள் பழசை மட்டுமே தேடிப் போயிருக்கிறீர்கள். பழசில் விரிசல் இருக்கத்தான் செய்யும். அதைக் காட்டி ஊரே செத்துவிட்டது என்றால் எப்படி?

1985இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் கல்கத்தாவைச் செத்துக்கொண்டிருக்கும் நகரம் என்றார். அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது! அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் அங்கே எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு ஓடத் தொடங்கியிருந்தது. 2024 மார்ச் முதல் மெட்ரோ ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஹௌராவுக்குப் போகிறது. பாலத்தை நாலு கோணத்தில் எடுத்திருக்கிறீர்கள். ஆற்றுக்குக் கீழே தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களில் ஒருவர்கூட உங்கள் கேமராவில் விழவில்லை.

டிராம் விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 1873இல் குதிரை இழுத்து ஓடியது, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்தை ஒட்டிய ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள், நீதிமன்றத்துக்குப் போனவர்கள் எல்லாம் அந்த ஊர் ஜனங்கள்தான். செத்த ஊரில் டிராமுக்காக யார் சண்டை போடுவார்கள்? சென்னையில் மின்சார டிராம் 1895லேயே வந்துவிட்டது. 1953இல் நிறுத்தினார்கள். இன்று அதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை.

கை ரிக்‌ஷா படத்தை நாங்கள் வெளியிடமாட்டோம். முகமே இல்லை. வளைந்த முதுகும் வெறுங்காலும்தான் தெரிகின்றன. அந்தத் தொழிலில் இருப்பவர்களில் நிறையப் பேர் பீகாரிலிருந்து வந்து, சம்பாதித்ததை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். 2006இல் இதை ஒழிக்கச் சட்டத்திருத்தமே கொண்டுவந்தார்கள், ஆனாலும் ரிக்‌ஷா நிற்கவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அவர்கள்தான் வேண்டும். உங்களுக்கு வங்காளி தெரியும், இந்தியும் தெரியும். படம் எடுக்கும் முன் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இன்னொருவர் படும் பாட்டை நம் பழைய ஞாபகத்துக்கு அலங்காரமாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பெரிய வருத்தம் இதுவும் இல்லை. இருபது வருஷம் வாழ்ந்த ஊரில் உங்களோடு வேலை பார்த்தவர்கள், மாடி வீட்டுக்காரர், பண்டிகைக்கு இனிப்பு கொடுத்துவிட்டவர்கள் எல்லாம் இருந்திருப்பார்களே? அவர்களில் ஒருவர் படம்கூட இல்லையே ஏன்? எஸ்.என். பானர்ஜி சாலையில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்ற ஸ்டூடியோ இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1860களில் தொடங்கிய இடம். 1991இல் தீப்பிடித்துப் பழைய சேகரம் பெரும்பாலும் போய்விட்டது, 2016இல் மூடியும் விட்டார்கள். அவர்கள் எடுத்த கோட்டை, மாளிகைப் படங்களுக்கு ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில் பிரதி இருக்கும். குடும்பத்தோடு போய் நின்று எடுத்துக்கொண்ட சாதாரண ஜனங்களுக்கு அவரவர் வீட்டில் இருக்கும் பிரதி மட்டும்தான் மிச்சம். ஹௌரா பாலத்தை இன்னும் ஆயிரம் பேர் எடுப்பார்கள். உங்கள் சிநேகிதரை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், லேக் மார்க்கெட்டில் எடுத்த ஒரு படத்தை மட்டும் அடுத்த இதழில் போட விரும்புகிறோம். வாழையிலைக் கட்டுக்கும் மல்லிகைக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மா நேராக உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். முன்பே பழக்கம் போலிருக்கிறது. அவர் பெயர் என்ன, எத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறார், படத்தைப் பத்திரிகையில் போட அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். போன் நம்பர் இல்லையென்றால் அங்கே இருக்கும் நண்பர் யாரையாவது அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்த பிறகுதான் படம் அச்சுக்குப் போகும்.