எஸ்100ஏ4 பட்டை வரவில்லையா? ஆன்டிபாடியை மாற்றும் முன்

வணக்கம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) எல்லா செல்களிலும் உள்ள ஆக்டின் புரதம் பளிச்சென்று வருகிறது, எஸ்100ஏ4 புரதத்தின் பட்டை மட்டும் காணோம், புது ஆன்டிபாடி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள்.

எஸ்100ஏ4 ரொம்பச் சின்னப் புரதம், எடை 12 கிலோடால்டன்கூட இல்லை. உங்கள் 10 சதவீத ஜெல்லில் அது நீலச் சாயத்தோடு சேர்ந்தே ஓடிவிடும். 15 சதவீதம் போடுங்கள், சின்னப் புரதங்களுக்கென்றே உள்ள டிரைசின் ஜெல் என்றால் இன்னும் நல்லது. சாயம் அடிவிளிம்பைத் தொடும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

எனக்குப் பெரிய சந்தேகம் மெம்பரேன் மேல்தான். அதன் துளை 0.45 மைக்ரான் என்றால் இவ்வளவு சின்னப் புரதம் ஊடுருவிப் போய்விடும். அதிலும் இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர் என்றால் கேட்கவே வேண்டாம்! 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பரேன் எடுத்து நேரத்தைக் குறையுங்கள். ஒருமுறை பின்னால் இரண்டாவது மெம்பரேனும் வைத்துப் பாருங்கள். பட்டை அதில் வந்தால், புரதம் முதல் மெம்பரேனைத் தாண்டிப் போன குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், நீங்கள் பார்க்கும் எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் எஸ்100ஏ4 மிகக் குறைவு. பக்கத்து லேனில் எம்டிஏ-எம்பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல்வகையின் லைசேட் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) ஏற்றுங்கள், அதில் தாராளமாக இருக்கும்.

உங்கள் ஆன்டிபாடி பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை, ஒத்த புரதங்களையும் பிடிக்கக்கூடும்) என்பதால் இன்னொன்று: எஸ்100 குடும்பத்தில் 20-க்கும் மேற்பட்ட புரதங்கள், பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே எடை. வந்த பட்டை எஸ்100ஏ4தானா என்பதை நாக்டவுன் சாம்பிள் (எஸ்100ஏ4 உற்பத்தியைக் குறைத்த செல்கள்) வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.