புது லேப்டாப்பில் மென்பொருள் இறக்கி நிறுவ வேண்டும். வைரஸ் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நிறுவுவது சுலபம். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வம்பெல்லாம் அதற்கு முன்னாலேயே, கோப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் யார் கணினி வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். “வைரஸ் வந்துடுச்சு” என்று அவர்கள் காட்டுவதில் பெரும்பகுதி, தேடலில் முதலில் வந்த பக்கத்தில் எதையோ அழுத்தியதால் வந்த வினை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் இருக்கிறார். “தம்பி, பேத்தி ஆடின வீடியோ திறக்க மாட்டேங்குது. ஏதோ விஎல்சி போடணுமாம்” என்றார். விஎல்சி என்பது வீடியோ பார்க்க உதவும் மென்பொருள். அவரையே தேடச் சொன்னேன். முதலில் வந்த முடிவின் மேல் ‘ஸ்பான்சர்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. அது விளம்பரம், காசு கட்டினால் அந்த இடம் கிடைக்கும். உள்ளே போனால் பச்சையாக மூன்று ‘டவுன்லோட்’ பொத்தான்கள்.

“அழுத்தாதீங்க டீச்சர், மவுஸை மேலே மட்டும் வையுங்க. கீழே இடப்பக்க மூலையைப் பாருங்க.”

பொத்தானின் மேல் மவுஸை வைத்தால், அது நம்மை எங்கே கொண்டுபோகும் என்ற முகவரி அந்த மூலையில் தெரியும். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “இதுல விஎல்சிங்கிற பேரே இல்லையே தம்பி!” மூன்றும் அப்படித்தான்.

விஎல்சியின் உண்மையான முகவரி வீடியோலேன் டாட் ஆர்க் (videolan.org). 1996-இல் பாரிஸ் அருகே மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது அது. இன்றுவரை இலவசம், விளம்பரமும் கிடையாது. அதனால் ‘விஎல்சி’ என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கம் கார்டு எண் கேட்டால், அது வேறு எதுவோ. அதிகாரப்பூர்வ முகவரி தெரியவில்லையென்றால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் கட்டுரையைத் திறந்து, ஓரத்துப் பெட்டியில் இருக்கும் இணையதள முகவரியைப் பாருங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

அதற்கும் முன்னால், விண்டோஸில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடிப் பாருங்கள். விஎல்சி அங்கேயே இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி. சில புது லேப்டாப்புகள் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் விற்பனைக்கு வரும். அவற்றில் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாது. வேண்டுமென்றால் இலவசமாக அதிலிருந்து வெளியேறலாம், ஆனால் திரும்பி வர வழியில்லை. அவசரப்பட வேண்டாம்.

சரி, கோப்பு இறங்கிவிட்டது. அது ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் நிறுவும் கோப்பின் பெயர் பெரும்பாலும் எக்ஸ்இ (.exe) அல்லது எம்எஸ்ஐ (.msi) என்று முடியும். விண்டோஸ் இந்த வாலை மறைத்துவைக்கும் வழக்கமுள்ளது. ‘ரசீது.பிடிஎஃப்’ என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் ‘ரசீது.பிடிஎஃப்.எக்ஸ்இ’யாக இருக்கலாம். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

கோப்பை இரட்டைக் கிளிக் செய்ததும் திரை மங்கி, ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா’ என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். எல்லாரும் படிக்காமல் ‘யெஸ்’ அழுத்துவது இங்கேதான். அதில் ‘பப்ளிஷர்’ என்ற வரியைப் படியுங்கள். விஎல்சிக்கு அங்கே வீடியோலேன் என்று இருக்க வேண்டும். ‘அன்நோன்’ என்று வந்தாலே திருட்டுச் சரக்கு என்று அர்த்தமில்லை. இகோர் பாவ்லோவ் 1999-இலிருந்து தந்துவரும் செவன் ஜிப், கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நல்ல மென்பொருள், பல ஆண்டுகளாக அதற்கு அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் அன்நோன் என்று வந்தால் முகவரியை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அப்புறம் வரும் பெட்டிகளில் ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு கேட்டால் கஸ்டமை எடுங்கள். நீங்கள் கேட்காத டூல்பார், ஆன்டிவைரஸ் எல்லாம் அங்கேதான் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு உட்கார்ந்திருக்கும். பெயர்பெற்ற தளம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இலவச மென்பொருள்கள் கிடைக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே 2013-க்குப் பிறகு சில காலம் நிறுவிகளோடு இப்படிக் கூடுதல் சரக்கு சேர்ந்து வந்தது; 2016-இல் கைமாறிய பிறகுதான் அது நின்றது. பிடிக்காத ஏதாவது நுழைந்துவிட்டால் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’ போய் நீக்கிவிடலாம்.

நீங்கள் கணினியைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்கு இங்கே பயம் கைப்பேசியில்தான். கல்யாணப் பத்திரிகை, வீடு துப்புரவு செய்யும் சேவை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு, அனுப்பும் மோசடி மலேசியாவில் நடக்கிறது. அதை நிறுவி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அவர்கள் படிப்பார்கள், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணான டிஏசி வந்தால் அது உட்பட. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், எந்த மாமாவும் அதை ஏபிகேயாக அனுப்ப மாட்டார். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்.

கடைசியாக, தமிழில் தட்டச்சு செய்யத்தான் மென்பொருள் தேடுகிறீர்கள் என்றால், எதையும் இறக்க வேண்டாம். மேக்கில் ‘அஞ்சல்’ விசைமுறை உள்ளேயே இருக்கிறது. நம்மூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகப் பலருக்குப் பழக்கமான அதே முறை. விண்டோஸில் தமிழ் 99 என்ற விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் ஒலிப்பு முறையும் இருக்கின்றன. ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ பகுதியில் தமிழைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ்பாரையும் ஒன்றாக அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.