19 காட்டினால் பேட்டரி போச்சா?
படகு இன்ஜின்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுற்றுலாப் படகில் யமஹா எஃப்115 ஃபோர் ஸ்ட்ரோக் ஓடுகிறது. மீட்டர் திரையில் பேட்டரி படம் மின்னியது. மெக்கானிக் டெஸ்ட் லைட் மாட்டிப் பார்த்து, கோட் (பழுது எண்) 19, பேட்டரி போச்சு என்றார். புது பேட்டரி போட்ட பிறகும் அதே கோட் வருகிறது. இப்போது ரெக்டிஃபையரை (இன்ஜின் தரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகர், போர்ட் பிளேர்

பதில்: பொறுங்கள். டெஸ்ட் லைட்டில் ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, பிறகு ஒன்பது சிமிட்டல்: இது 19. இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் சரியில்லை என்பதுதான் இதன் பொருள். கோளாறு பேட்டரியிலா, வயரிலா, சார்ஜிங்கிலா என்று கோட் சொல்லாது. மல்ட்டிமீட்டர்தான் சொல்லும்.

இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஏற்றிவிட்டு மற்ற சோதனைக்கு வாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது பலரும் செய்யாத சோதனை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலும் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையமான லக்கில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ உப்பு அரித்திருக்கிறது. பாசிட்டிவ் தலைக்கும் ஸ்டார்ட்டர் ரிலேவில் அந்த கேபிள் சேரும் இடத்துக்கும் நடுவே இதையே செய்யுங்கள். புது பேட்டரிக்குப் பிறகும் 19 வந்தால் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் சிக்கும்.

பேட்டரியில் கையால் முறுக்கும் பட்டாம்பூச்சி நட் இருந்தால் கழற்றி எறியுங்கள். அலை அதிர்வில் தளரும். நைலான் பூட்டு நட்டை ஸ்பானர் வைத்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பிரஷ் போட்டு, பளபளப்பாக்கி இறுக்கிய பிறகே மேலே கிரீஸ் தடவுங்கள். லக் ஓரத்தில் கேபிளின் ரப்பரைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிளையே மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய கம்பியாக.

இதெல்லாம் சரியென்றால் இன்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு மேல் ஓட்டி பேட்டரியில் அளங்கள். ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஃபியூஸ் பார்த்துவிட்டு, இன்ஜினை நிறுத்தி ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) கப்ளரைப் பிரியுங்கள். ஒரே நிறத்தில் மூன்று வயர். எந்த இரண்டை அளந்தாலும் ஓம் (மின்தடை) ஒரே அளவாக இருக்க வேண்டும், பிளாக்கோடு தொடர்பு இருக்கக் கூடாது. ஸ்டேட்டரும் நன்றாக இருந்தால் இப்போது ரெக்டிஃபையருக்குச் செலவழிக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்யும் பழக்கம் படகில் யாருக்கும் இருக்கக் கூடாது. அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜே ரெக்டிஃபையரைக் கொன்றுவிடும்.

பயணிகளுக்காகப் போடும் விளக்கையும் கணக்கில் வையுங்கள். 55 வாட் ஹாலஜன் நான்கு எரிந்தால் 18 ஆம்பியர் போகிறது. ஐடிலில் நிற்கும் இன்ஜின் அவ்வளவு கொடுக்காது. எல்.இ.டி.க்கு மாறுங்கள்.

கேள்வி: பஸ்ஸர் அடித்து வேகம் தானாக 2000 சுற்றுக்கு இறங்குகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீச்சும் பைலட் துவாரத்தில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. ஹீட்தானா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஹீட்டாக இருக்கலாம், ஆயில் பிரஷர் இல்லாமலும் இருக்கலாம், எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஆயில் விளக்கு என்றால் உடனே நிறுத்துங்கள். பைலட் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். பம்ப் தள்ளுகிறது என்பதற்குத்தான் அது சாட்சி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறக்கும் வால்வு) உப்பில் இறுகியிருந்தாலும் வரும். முதலில் தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போடுங்கள். சுமார் 60 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும்.

கேள்வி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கோட் 44.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் இல்லை. மாட்டியும் வந்தால், படகைக் கட்டிவைத்து அந்த சுவிட்சின் கனெக்டரைப் பிரித்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்தால் சுவிட்ச் உப்பில் ஷார்ட் ஆகியிருக்கிறது, புதிது போடுங்கள். பிரித்தபடியே கடலுக்குப் போகாதீர்கள், ஆள் விழுந்தால் இன்ஜின் நிற்காது.